செவ்வாயும் வியாழனும்

பதினாறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தமையன் வீட்டில் கிருஷ்ணராசா மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி தவமலருக்குத் தொலைபேசியில் வந்தது. அந்த நேரம் அவள் தெற்கு லண்டனில் நோர்பரி ஸ்டேசனுக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் புருசனைத் தேடிக்கொண்டிருந்தாள். முதலில் பொலிசுக்குச் சொல்வதா மகளுக்குச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டு நின்றபோதுதான் போன் அடித்தது.

"மலர், நான் சுலோச்சனா கதைக்கிறன். உங்கட இவர் சட்டனுக்கு எங்கட வீட்டை வந்து நிக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சுகர்க் குளிசை போட்டவரோ?"

சுலோச்சனா, புருசனின் தமையன் சண்முகராசாவின் மனைவி. அந்தக் குரலை அவள் கடைசியாகக் கேட்டது மாமியாரின் செத்தவீட்டில்.

"காலமை போட்டவர்," என்றாள்.

"கத்தரிக்காய்க் கறி வைச்சனான். குடுக்கலாமோ?"

"குடுக்காதேங்கோ. அவருக்கு மேலெல்லாம் கடிக்கும்."

"ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டிட்டார்."

"அப்ப விடுங்கோ. நான் வாறன்."

பகை அவ்வளவில் முறிந்தது. முறிந்ததை இரண்டு பெண்களும் அப்போது கவனிக்கவில்லை. ஒருத்திக்கு பஸ் பிடிக்கிற அவசரம், மற்றவளுக்குக் கறி முடிந்துவிட்டதே என்ற கவலை.

கிருஷ்ணராசா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். வேலையில் கேட்கிற ஒரு கேள்வியோடு அவருடைய அன்றாடப் பேச்சு ஏறக்குறைய முடிந்துவிடும். வீட்டில் அதுவும் இல்லை. ஓய்வுபெற்ற இரண்டாம் வருடம் ஒரு சேட்டுக்கு மேல் இன்னொரு சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். குளிராக்கும் என்று தவமலர் நினைத்தாள். பிறகு பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிகளை எல்லாம் தன்னுடைய முற்றத்துக்கு இழுத்து வந்து வரிசையாக அடுக்கினார். அதையும் உதவி என்று அவள் ஒருமாதிரிச் சமாளித்தாள். கடையில் கூட்டுமாறு எடுத்தவர் அதை எதற்குப் பாவிப்பது என்று அவளிடம் கேட்ட நாளில்தான் மகள் கம்சிகா லீவு போட்டுக்கொண்டு மில்டன் கீன்ஸிலிருந்து வந்து, தகப்பனையும் தாயையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்த டாக்டர் மதுரைப் பக்கத்துப் பெண். ஸ்கேன் படத்தைக் காட்டித் தமிழிலேயே விளக்கினாள்.

"மூளை கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிட்டு வருதும்மா. மருந்து தர்றேன், வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். நிறுத்தாது. நீங்க உங்களையும் பாத்துக்கணும், சரியா?"

தவமலர் ஓம் என்றாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான், எப்படிப் பார்ப்பது என்று கேட்காமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது.

பகையின் கதை சின்னது. மாமியார் கடைசி ஏழு வருடமும் நோர்பரியில் தவமலரோடுதான் இருந்தார். குளிப்பாட்டியது, சோறு தீத்தியது, படுக்கையைத் துடைத்தது எல்லாம் தவமலர். அவர் செத்த அன்று சட்டனில் சண்முகராசா மரண அறிவித்தல் எழுதிக் கொடுத்தார். இணையத்திலும் ரேடியோவிலும் வந்த அந்த அறிவித்தலில் இரண்டு மகன்மார் இருந்தார்கள், பேரப்பிள்ளைகள் இருந்தார்கள், கனடாவில் இருக்கிற ஒன்றுவிட்ட சகோதரங்கள்கூட இருந்தார்கள், 'சுலோச்சனாவின் பாசமிகு மாமியாரும்' என்று ஒரு வரி இருந்தது. தவமலர் இல்லை. அச்சுப் பிழை என்று சண்முகராசா சொன்னார். ஒரு ஆள் முழுதாக விடுபடுகிற பிழை எந்த அச்சில் வரும் என்று சனம் கேட்டது.

செத்தவீட்டில், எல்லாருக்கும் முன்னால், கிருஷ்ணராசா எழும்பி நின்று, "என்ர மனுசியின்ர பேர் இல்லாத இடத்தில என்ர பேரும் இருக்கத் தேவையில்லை," என்றார். வாழ்நாளில் அவர் கூட்டத்தில் பேசியது அது ஒன்றுதான். அதன் பிறகு ஒரு தாய்க்கு எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு இரண்டு நடந்தது, ஒன்று நோர்பரியில், ஒன்று சட்டனில். இரண்டுக்கும் சமைத்தது ஒரே கேட்டரிங்காரர். கம்சிகாவின் கலியாணத்துக்குப் பெரியப்பா வரவில்லை. அழைக்கவும் இல்லை.

தவமலர் அந்த வசனத்தைப் பதினாறு வருடமும் வைத்திருந்தாள். புருசன் கலியாண நாளை மறந்தபோதும், ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒப்பரேசன் நடந்த அன்று ஷிப்டுக்குப் போனபோதும், அந்த ஒரு வசனத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

இப்போது அவர் சட்டனில் கத்தரிக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் போய் வாசலில் நின்றாள், உள்ளே போகவில்லை. சண்முகராசா கதவுக்குப் பின்னால் பாதி தெரிந்தார். ஆள் நன்றாக வயதுபோயிருந்தார்.

"உள்ள வாவன் மலர்," என்று கிருஷ்ணராசா கூப்பிட்டார். "அண்ணி கட்லட் பொரிச்சிருக்கிறா."

"பஸ்சுக்கு நேரமாச்சு," என்றாள் தவமலர். கட்லட்டைச் சுலோச்சனா ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். வாங்காமல் விட ஒரு காரணம் தேடுவதற்குள் அது கையில் இருந்தது.

பஸ்சில் அவள் புருசனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அறிவித்தலைச் சொன்னாள், ஏழு வருடத்தைச் சொன்னாள். கிருஷ்ணராசா கவனமாகக் கேட்டார். முகம் சிவந்துவிட்டது.

"ஆர் உப்பிடிச் செய்தது?"

"உங்கட அண்ணை."

"சீ. அண்ணை அப்பிடிச் செய்யமாட்டார்," என்றார். பிறகு எழும்பிப் போய் முன் சீட்டில் இருந்தவர்களிடம் டிக்கெட் கேட்டார். பலர் அட்டையைக் காட்டினார்கள். காதில் வயர் போட்டிருந்த ஒருவன் அடுத்த தரிப்பில் இறங்கிப் போனான். பஸ் சாரதி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அவருக்கும் அது உதவியாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த கிழமையும் கிருஷ்ணராசா சட்டனுக்குப் போனார். அதற்கடுத்த கிழமையும் போனார். குறொய்டனில் பஸ் மாறவேண்டும். தன்னுடைய வீட்டில் கழிவறை எங்கே என்று தடுமாறுகிற மனிதருக்கு அந்த வழி மட்டும் தவறவில்லை. கம்சிகா அவருடைய சப்பாத்துக்குள் ஒரு ட்ராக்கர் வைத்தாள். அவர் செருப்போடு போனார். வாசலில், ஆள் கிட்டப் போனால் அடிக்கிற மணி பூட்டினாள். மணி அடித்ததும் யாரோ வருகிறார்கள் என்று அவரே கதவைத் திறந்து பார்த்து, அப்படியே போனார்.

"அம்மா, ஜஸ்ட் லெட் ஹிம்," என்றாள் கம்சிகா. "பெரியப்பா வீட்டிலதானே. அட்லீஸ்ட் ஹி இஸ் சேஃப்."

"உனக்கு வெக்கமில்லையோ பிள்ளை?"

"டயர்ட்டா இருக்கம்மா. வெக்கத்துக்கு டைம் இல்லை."

தவமலருக்கும் இல்லை. பள்ளிக்கூட கன்ரீன் வேலையை விட்டுவிட்டாள். கோயிலுக்குப் போவது நின்றுபோனது. பார்க்க வருகிறவர்கள் முன்னால் கிருஷ்ணராசா நிமிர்ந்து இருந்து, சிரித்து, அரசியல்கூட இரண்டு வசனம் பேசுவார். "ஆள் நல்லாத்தானே இருக்கிறார், நீர்தான் மெலிஞ்சு போனீர்," என்று சொல்லிவிட்டு அவர்கள் போவார்கள். கார் திரும்புவதற்குள் அவர் காற்சட்டையைக் கழற்றத் தொடங்கிவிடுவார்.

ஒருநாள் பின்னேரம் சண்முகராசா தம்பியைத் தன்னுடைய காரில் கொண்டுவந்து இறக்கினார். தம்பி உள்ளே போய்ச் சோபாவில் இருந்த பிறகும் அவர் வாசலில் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுருட்டினார்.

"தம்பிக்கு நான் மூண்டு தரம் சொல்லிப் பாத்தன்," என்றார். "மன்னிச்சுக்கொள் எண்டு. ஒவ்வொருதரமும் ஏன் எண்டு கேக்கிறான். விளங்கப்படுத்தினா, அதுக்கென்ன அண்ணை, தேத்தண்ணி போடச் சொல்லுங்கோ எண்டுறான்." தொண்டையைச் செருமினார். "அப்ப இதை உம்மட்டத்தான் சொல்லவேணும் எண்டு... மலர், அந்த அறிவித்தல் விசயம்..."

இந்த நிமிடத்தைத் தவமலர் எத்தனையோ தரம் மனதில் நடத்திப் பார்த்திருக்கிறாள். அதில் அவள் நல்ல சீலை கட்டியிருப்பாள். அவர் பேசி முடித்த பிறகு அவள் சொல்லவேண்டிய ஐந்தாறு வசனம் தயாராக இருந்தது. இப்போது அவள் புருசனுடைய பழைய சேட்டைப் போட்டிருந்தாள். முதல்நாள் இரவு நித்திரை இல்லை, அதற்கு முதல்நாளும் இல்லை. அடுப்பில் உருளைக்கிழங்கு இருந்தது.

"அதை விடுங்கோ அத்தான்," என்றாள். "செவ்வாயும் வியாழனும் இவரைப் பாக்க ஏலுமோ?"

சண்முகராசா விழித்தார்.

"காலமை கொண்டந்து விடுறன். பின்னேரம் நீங்கள் கொண்டந்து விடுங்கோ. உடுப்பு, குளிசை எல்லாம் தந்து விடுவன்."

"ஓம்," என்றார் சண்முகராசா. "ஓம் ஓம். அதுக்கென்ன." தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

கதவைச் சாத்திய பிறகுதான் அவரை முழுவதும் சொல்ல விட்டிருக்கலாமே என்று அவளுக்குப் பட்டது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்கிற விசயமில்லை. உருளைக்கிழங்கு அடிப்பிடித்திருந்தது.

முதல் செவ்வாய்க்கிழமை அவள் நோர்பரிக்குத் திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்தாள். கண் திறந்தபோது வெளியில் சண்முகராசாவின் கார் நின்றது. வியாழக்கிழமை குளித்துத் தலைமுழுகினாள். அதற்கடுத்த செவ்வாய் என்ன செய்வது என்று தெரியாமல், சுலோச்சனாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சட்டனிலேயே இருந்துவிட்டாள். யாரும் உள்ளே வரச் சொல்லிக் கேட்கவில்லை. கிருஷ்ணராசாவின் ஈரக் காற்சட்டை கையில் இருந்ததால் அவள் நேரே வாஷிங் மெஷினைத் தேடிப் போய்விட்டாள்.

சுலோச்சனா கெட்டிக்காரி, கை சுத்தம், வாய் மட்டும் நீளம். பொழுதுபட்டதும் இரண்டு பெண்களும் போனில் கதைத்தார்கள். இன்றைக்கு வயிற்றால் போனதா, எப்படிப் போனது, என்ன நிறம், நாளைக்குப் பப்பாசி கொடுக்கலாமா, அத்திப்பழம் கொடுக்கலாமா. அறிவித்தலைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. அதற்குள் போக இடமே இருக்கவில்லை.

குளிர்காலம் வந்தபோது கிருஷ்ணராசாவுக்கு வீட்டுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைந்தது. இருந்தபடியே நனைத்தார். பிடிக்காததைத் துப்பினார். ஒரு வியாழக்கிழமை சட்டனில் கூடத்துக்குள் வந்த சண்முகராசாவைக் கள்ளன் என்று நினைத்து முகத்தில் குத்தினார். கண்ணாடி உடைந்து மூக்கில் இரத்தம் வந்தது.

"நான் அண்ணையடா," என்றார் சண்முகராசா.

"என்ர அண்ணை உன்னைப்போலக் கிழவன் இல்லை," என்று கிருஷ்ணராசா உறுதியாகச் சொன்னார்.

சண்முகராசா பின்வளவுக்குப் போய்க் கார்டன் ஷெட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதார். சுலோச்சனா குசினி ஜன்னலால் பார்த்தாள். கொஞ்சநேரம் விட்டுத்தான் ஜக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பகையாக இருந்த பதினாறு வருடமும் தம்பி அவரை ஆரென்று தெரிந்துதான் வைத்திருந்தான். பகைக்கு அது வேண்டும்.

தை மாதம் ஒரு பகல், நோர்பரியில், குளியலறையில் அது நடந்தது. கிருஷ்ணராசாவுக்கு வயிற்றால் போய், சுவர், தரை, துவாய் எல்லாம் பூசியிருந்தது. தவமலர் முழங்காலில் நின்று அவருடைய காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து அவளுடைய மணிக்கட்டைக் கடித்தார். விடச் சொன்னாள், விடவில்லை. மற்றக் கையால் கன்னத்தில் அறைந்தாள்.

சத்தம் பெரிதாகக் கேட்டது. அவர் விட்டுவிட்டார். கன்னத்தைத் தடவினார். பிறகு அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "நோகுதோ?" என்று கேட்டார்.

அவள் அவரைக் கழுவி, துடைத்து, உடுப்பு மாற்றி, ரீவீக்கு முன்னால் இருத்தினாள். குளியலறையையும் கழுவினாள். பிறகு படிக்கட்டில் குந்தியிருந்து சட்டனுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, நான் இவருக்கு அடிச்சிட்டன்."

மறுபக்கத்தில் தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. சுலோச்சனா அதை நிறுத்தினாள்.

"நான் போன கிழமை அடிச்சனான்," என்றாள்.

"எங்க?"

"முதுகில. நீர்?"

"கன்னத்தில."

தவமலருக்குக் கோபம் வரவேண்டும். தன்னுடைய புருசனை இன்னொருத்தி அடித்திருக்கிறாள். வந்தது கோபமில்லை. மாதக்கணக்காகத் தனியாகத் தூக்கிய ஒரு மூட்டையின் மறுமுனையை யாரோ பிடித்ததுபோல இருந்தது.

"கம்சிகாவுக்குச் சொல்லுவம்," என்றாள் சுலோச்சனா.

"அடிச்சதையோ?"

"அதையில்லை. இனி எங்களால ஏலாது எண்டதை."

கம்சிகா பராமரிப்பு இல்லத்துக்காக ஏற்கனவே கவுன்சிலோடு கதைத்து வைத்திருந்தாள். தாய் மறுப்பாள் என்று ஒரு மணித்தியாலம் வாதாடத் தயாராக வந்தவளிடம், தவமலர், "எந்த இடம்?" என்று மட்டும் கேட்டாள். கம்சிகா மேசையில் தலையை வைத்து அழுதாள். தவமலர் அவளுடைய முதுகைத் தடவினாள். அப்போது கிருஷ்ணராசா வந்து, இந்தப் பிள்ளை ஏன் அழுகுது, டிக்கெட்டைத் துலைச்சிட்டுதோ என்று விசாரித்தார். துலைச்சிட்டன் என்றாள் கம்சிகா. பரவாயில்லை, இந்தமுறை விடுறன் என்றார்.

பராமரிப்பு இல்லம் சட்டனிலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளி இருந்தது. கொண்டுபோய்விட்ட அன்று நால்வரும் சண்முகராசாவின் காரில் போனார்கள். தவமலர் அவருக்கு நல்ல சேட்டு, ஒன்றே ஒன்று, போட்டுவிட்டிருந்தாள். பொறுப்பாக இருந்த தாதி கானா நாட்டுப் பெண். என்ன சாப்பிடுவார், எந்தப் பக்கம் படுப்பார், எதற்குப் பயப்படுவார் என்று எல்லாம் கேட்டாள். தவமலர் சொல்லச் சொல்ல, விட்டதைச் சுலோச்சனா சேர்த்தாள். மனைவி யார் என்று தாதி இருவரையும் பார்த்துக் கேட்டாள். தவமலர் கையை உயர்த்தினாள், வகுப்பில் உயர்த்துவதுபோல.

கிருஷ்ணராசா ஜன்னலோரக் கதிரையில் இருந்து கஸ்டர்ட் சாப்பிட்டார். அவர்கள் எழும்பியபோது பார்த்தார். "இறங்கப்போறியளோ? கவனமா இறங்குங்கோ," என்றார். அவ்வளவுதான். தவமலர் அதைவிடப் பெரிதாக எதற்கோ ஆயத்தமாக வந்திருந்தாள்.

கார் வெளிக்கிட்டது. சண்முகராசா நோர்பரிக்குத் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போனார். வழி தவறிவிட்டதா, வேண்டுமென்று போனாரா என்று பெண்கள் கேட்கவில்லை. டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் நிறுத்தினார்.

கொத்து ரொட்டி ஆவி பறக்க வந்தது. தவமலர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். தட்டு முடிந்தது. சண்முகராசா ஒன்றும் கேட்காமல் கடைப் பெடியனுக்கு இன்னொன்று என்று விரலைக் காட்டினார். அதையும் சாப்பிட்டாள். சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு நடுவில் எழும்பாமல் சாப்பிட்டு எவ்வளவு காலம் என்று அவளுக்குக் கணக்கில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. உறைப்பு என்றாள். உறைப்புத்தான் என்றாள் சுலோச்சனா.

இரண்டாவது தட்டு பாதியில் இருந்தபோது இல்லத்திலிருந்து போன் வந்தது. கிருஷ்ணராசா மேலெல்லாம் கஸ்டர்ட் பூசிவிட்டார், குளிக்க மறுக்கிறார், வீட்டில் எப்படிச் சம்மதிக்க வைப்பீர்கள் என்று அந்தத் தாதி கேட்டாள்.

"முதலில் காலை மட்டும் நனைக்கவேண்டும்," என்று தவமலர் வாய்நிறையக் கொத்தோடு ஆங்கிலத்தில் விளக்கினாள். "பிறகு கை. தலைக்குப் போகக்கூடாது."

"அது சரிவராது," என்று சுலோச்சனா போனைப் பறித்தாள். "ஒன்பது மணிக்குத் தண்ணீர் நிற்கப்போகிறது என்று சொல்லுங்கள். உடனே வருவார்."

"உங்கட வீட்டிலதான் அப்பிடி வாறவர். என்ர வீட்டில கால்தான்."

"அதுக்குத்தான் உமக்குக் கடிச்சவர்."

தாதி மறுமுனையில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டையும் செய்து பார்க்கிறேன் என்று வைத்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்ப எடுத்தாள். காலும் சரிவரவில்லை, தண்ணீரும் சரிவரவில்லை, ஈரத் துணியால் துடைத்துவிட்டிருக்கிறோம், நாளைக்குப் பார்ப்போம் என்றாள்.

தவமலருக்கு அதில் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. பக்கத்தில் பார்த்தாள். சுலோச்சனாவின் முகத்திலும் அது இருந்தது. இருவரும் அதை மறைக்கவில்லை. சண்முகராசா மூன்று தேத்தண்ணிக்குச் சொன்னார்.